லயத்துக்கும் ஒரு பட்டா வேண்டும்



மலேசியாவில் எங்கள் சிரம்பான் நகரில் ஹப்பாக் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்து 1912இல் எழுந்த பழைய அரசுச் செயலகம், வெள்ளைத் தூண்களோடு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பிற்காலத்தில் அதை நூலகமாக்கினார்கள். நல்ல காரியம்.

துரைமாரின் கட்டடம் பிழைத்தது. அவர்களுக்காகத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்கள் குடியிருந்த லயங்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒட்டி ஒட்டி நின்ற வீடுகள், விடியுமுன் பெயர் கூப்பிட்ட பிரட்டுக்களம், கைக்குழந்தைகளை விட்டுப்போன ஆயாக் கொட்டகை எல்லாம் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன.

பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2005இல் தேசிய பாரம்பரியச் சட்டம் வந்தது. அப்படியும் கோலாலம்பூரின் பழைய போக் மாளிகை 2006 டிசம்பரில் தரைமட்டமானது. கேட்க ஆள் இருந்தால்தான் சட்டம் கண் விழிக்கும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள விவேகானந்தா ஆசிரமம் இதற்குச் சாட்சி. இலங்கைத் தமிழர்கள் 1904இல் எழுப்பிய அந்த வளாகத்தில் 23 மாடி அடுக்ககம் கட்ட 2014இல் திட்டம் வந்தபோது, அதற்கு ஆதரவாக நின்றவர்கள் அதன் அறங்காவலர்களே. எதிர்த்தவர்கள் பொதுமக்கள். கையெழுத்து திரட்டினார்கள், வாசலில் கூடினார்கள். ஆசிரமம் தப்பியது.

லயத்துக்காரர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. தோட்டம் கைமாறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாதவன் எந்த உரிமையில் மறிப்பான்? இதை உணர்ந்துதான் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர் போட்ட பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள்.

அதே வழியில் ஒரு வரிசை லயத்தையாவது, பிரட்டுக்களத்தோடு சேர்த்து, இருக்கும் இடத்திலேயே வாங்கிக் காக்க வேண்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் கொடுக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய தொகை அல்ல.

தமிழக நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. மலாயா போன பாட்டனார் எழுதிய கடிதமோ படமோ பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் தோட்டத்தின் பெயர் இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். எந்த லயம் எங்கே இருந்தது என்று சொல்ல, பல இடங்களில் அதைத் தவிர வேறு சான்று இல்லை.