இன்டரப்ட் இல்லாமல் ஓர் எழுத்து

லினக்ஸ் கெர்னலில் சீரியல் போர்ட்டுக்கான டிரைவரைப் படித்தால் ஒரே வேலைக்கு இரண்டு வழி இருப்பது கண்ணில் படும். ஒன்று, பாடப்புத்தக வழி. எழுத்துகளை வரிசையில் போட்டுவிட்டு சிபியு வேறு வேலை பார்க்கப் போய்விடும். சிப்பில் இடம் காலியானதும் இன்டரப்ட் வந்து கூப்பிடும். மற்றது கன்சோலுக்கு எழுதும் வழி. அங்கே முதல் காரியமே இன்டரப்ட் அனுமதி ரெஜிஸ்டரில் இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் பூஜ்யம் போடுவது. பிறகு சிப்பின் நிலையைத் திரும்பத் திரும்பப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளி, கடைசி எழுத்தும் கம்பியில் இறங்கும்வரை நின்று, பழைய மதிப்பைத் திருப்பி வைத்துவிட்டு வருவது.

போர்டு சாகும்போது காரணத்தைச் சொல்லிவிட்டுச் சாகட்டும் என்பதற்காகத்தான் இது என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கெர்னல் நிலைகுலைந்த நேரத்தில் இன்டரப்ட் வரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது, சரிதான். ஆனால் எடுத்துவை, அணை, எழுது, காத்திரு, திருப்பிவை என்ற இந்த ஐந்து படி எங்கிருந்து வந்தது என்று எனக்குள் ஒரு குடைச்சல். லினக்ஸ் பிறந்தது 1991இல். இந்த டிரைவர் பேசுகிற 8250 வகை சிப், 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியின் சீரியல் அட்டையிலேயே உண்டு. சிப்பின் கையேடு எந்த பிட் எதற்கு என்று சொல்லும். ஒழுக்கம் சொல்லித் தராது. அதற்கும் பின்னால் போக வேண்டியிருந்தது.

போய் நின்ற இடம் 1975ஆம் ஆண்டின் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் தம் மாணவர்களுக்காக வரிக்கு வரி உரை எழுதியது இந்த நிரலுக்குத்தான். பல ஆண்டுகள் ஜெராக்ஸ் பிரதிகளாகவே கைமாறிய அந்த உரை 1996இல்தான் முறைப்படி அச்சானது. 2002இல் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் நிரலைத் தாராள உரிமத்தில் விட்ட பிறகு இன்று யாரும் பிரித்துப் படிக்கலாம்.

அதில் புட்சார் என்று ஒரு குட்டிச் செயற்கூறு. அந்த யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியின் முன்பலகை சுவிட்சுகள் எல்லாம் பூஜ்யத்தில் இருந்தால் அது எதையும் அச்சிடாமல் திரும்பிவிடும். ஆபரேட்டர் கையாலேயே கெர்னலின் வாயை அடைக்கலாம். இல்லையென்றால் கன்சோல் தயாராகும்வரை ஒரு வெற்றுச் சுழல். தயாரானதும் நிலை ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு அதில் பூஜ்யம். அப்புறம் எழுத்து. எழுதியது வரி முடிவு என்றால் இன்னும் மூன்று எழுத்து: வண்டியைத் திருப்ப ஒன்று, அது ஓடிப் போய்ச் சேரும்வரை நேரம் கடத்த வெறும் நிரப்பெழுத்து இரண்டு. நொடிக்குப் பத்தெழுத்து அடிக்கும் டெலிடைப் காலத்து ஏற்பாடு. கடைசியாக, பூஜ்யத்தைக் கொடுத்துத் தன்னையே ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறது. பூஜ்யம் என்றால் தயாராகும்வரை காத்திருந்துவிட்டு ஒன்றும் எழுதாமல் திரும்பு என்று பொருள். பிறகு பழைய நிலையைத் திருப்பி வைக்கிறது. அதே ஐந்து படி.

கருவியைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது, இன்டரப்ட் என்று ஒன்று வருவதற்கு முன்பிருந்தே எல்லோரும் செய்ததுதான். எடுத்துவைப்பதும் திருப்பிவைப்பதும்தான் இங்கே விஷயம். அடுத்தவர் சமைத்துக்கொண்டிருக்கும் அடுப்பில் அவசரமாக வெந்நீர் போடுகிறவர், அவர் பாத்திரத்தை மறுபடி ஏற்றித் தீயையும் பழையபடி வைத்துவிட்டு வர வேண்டாமா? அந்த வன்பொருளில் தயார் நிலையிலேயே இன்டரப்ட் அனுமதியைத் திருப்பிக் கொடுத்தால் உடனே ஓர் இன்டரப்ட் எழும். வழக்கமான டிரைவர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும்.

புட்சாரை அழைக்கும் பிரிண்ட்எஃப்புக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது. இது இன்டரப்ட்டால் ஓடுவதில்லை, அச்சிடும்போது மற்றதெல்லாம் நின்றுவிடும், ஆகவே அரட்டைக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் சாரம். இன்று பூட் ஆகும்போது நம் கெர்னல்கள் கொட்டுவதைப் பார்த்தால் அதை யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில், எழுத்துக்குப் பத்து பிட் என்றால், 80 எழுத்துள்ள ஒரு வரிக்கு 7 மில்லிநொடி. 9,600இல் 83. அத்தனை நேரமும் அந்த சிபியுவில் இன்டரப்ட் மூடியே கிடந்தால் ரியல்டைம் வேலை எதுவும் உருப்படாது.

லினக்ஸ் சேர்த்தவையும் உண்டு. யூனிக்ஸின் சுழலுக்கு முடிவே கிடையாது, கருவி பழுதென்றால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். லினக்ஸ் ஓர் எழுத்துக்கு 10 மில்லிநொடி பார்க்கும். நகரவில்லையென்றால் மேலே போய்விடும். காத்திருக்கும்போதே, சிபியு உறைந்துவிட்டதா என்று கண்காணிக்கும் வாட்ச்டாகையும் சமாதானப்படுத்திக்கொள்ளும். போர்ட்டின் பூட்டை, செத்துக்கொண்டிருக்கும் அதே சிபியு ஏற்கெனவே பிடித்திருக்கலாம் என்பதால், ஆபத்து நேரத்தில் பூட்டைக் கேட்டுப் பார்க்கும், கிடைக்காவிட்டாலும் எழுதும். 2001இல் இங்கோ மோல்நார் தொடங்கிய நெட்கன்சோல், இன்டரப்ட்டுக்குக் காத்திராமல் எழுதும் இதே வித்தையை நெட்வொர்க் கார்டுக்கும் கொண்டுபோனது. அதற்கு ஒத்துழைத்த டிரைவர்களில் பல இன்டரப்ட்டை மூடிவிட்டு, தம் இன்டரப்ட் செயற்கூறையே கையால் அழைத்துக்கொண்டன.

2024 நவம்பரில் வந்த 6.12 பதிப்பில்தான் ரியல்டைம் லினக்ஸ் முழுதாக மூல நிரலில் சேர்ந்தது. கடைசிவரை வழியில் நின்றவற்றுள் கன்சோல் அச்சிடுதலும் ஒன்று. புதிய ஏற்பாட்டில் டிரைவர் இரண்டு செயற்கூறுகளைக் கொடுக்கலாம். ஒன்று தனி இழையில் நிதானமாக ஓடும். மற்றது அவசரத்துக்கு, எதனாலும் தடுக்க முடியாத இன்டரப்ட்டுக்குள்ளிருந்துகூட அதை அழைக்கலாம். அதனால் எழுதிக்கொண்டிருப்பவரிடமிருந்து கன்சோலை இன்னொரு சிபியு இடையிலேயே பறித்துக்கொள்ள முடியும். பறிகொடுத்தவர் வரியை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆனால் இன்டரப்ட் ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்கி வைத்தது அவர்தானே? அதற்கென்றே, உரிமையைத் திரும்பக் கேட்டு வாங்கும் செயற்கூறு ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படி வாங்கினால் எழுத்து எதையும் அனுப்ப முடியாது. எழுத வேண்டிய உரையே அவர் கையில் இருக்காது. வன்பொருளில் மாற்றியதைப் பழையபடி வைத்துவிட்டு வெளியேறலாம், அவ்வளவுதான்.