மலையில்தான் முகம் தெரியும்

லங்காவி சைக்கிளோட்டப் போட்டியைப் பற்றி அப்பாவிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு. நான் பிறப்பதற்கு முன், வேலையிடத்துக்கு அருகே சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தாராம். "வர்றாங்க!" என்று யாரோ கத்தினார்களாம். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் எல்லாரும் போய்விட்டார்களாம். "காத்து மட்டும்தான் அடிச்சுது. ஒரு முகம்கூடப் பார்க்கலம்மா" என்பார்.

1996இல் தொடங்கிய அந்தப் போட்டி, பெருந்தொற்றினால் 2021இல் நடக்கவில்லை. 2022 அக்டோபரில் மீண்டும் வந்தது. மூன்றாம் நாள் ஓட்டம் புத்ராஜெயாவிலிருந்து கெந்திங் மலைக்கு. அக்டோபர் 13, வியாழக்கிழமை. அதற்கு அடுத்த வாரம் நான் பல்கலைக்கழக விடுதிக்குப் போகவேண்டும். அதற்குள் அப்பாவுக்கு ஒரு முகத்தையாவது காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

மலையில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சமதரையில் வீரர்கள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவருக்குப் பாதி வேலை மிச்சம். அதனால் நூறு பேரும் ஒரே கூட்டமாக, மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறப்பார்கள். ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடும். காற்றுக்கு ஒளிந்து பயனில்லை. அவரவர் உடல் எடையை அவரவரே சுமக்கவேண்டும். கூட்டம் சிதறி, ஒவ்வொருவராக வருவார்கள்.

நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் திட்டம் போட்டேன். ரவாங்கிலிருந்து பத்தாங் காலி வழியாக அப்பாவின் பழைய கப்சாய் மோட்டாரில் ஏறுவது. கோ தோங் ஜெயாவைத் தாண்டியதும் செங்குத்தான வளைவு ஒன்றில் நிற்பது. சாலையை அடைப்பதற்கு முன்பே போய்விட வேண்டும். உச்சி ஏறத்தாழ 1,700 மீட்டர். மழையும் மூடுபனியும் சொல்லாமல் வரும். ஆகவே மழைக்கோட்டு இரண்டு, நாசி லெமாக் நான்கு பொட்டலம், வெந்நீர்க் குடுவை. இருவரைச் சுமந்துகொண்டு கப்சாய் ஏறுமா என்பதுதான் பெரிய சந்தேகம். அப்பா இரண்டு மாலை உட்கார்ந்து பிளக்கையும் சங்கிலியையும் மாற்றினார். அந்த அக்கறையைப் பார்த்தால் போட்டியில் ஓடப்போவதே அவர்தான் என்று நினைக்கத் தோன்றும்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கு. முறுக்கு சுட ஆளில்ல. எவனோ சைக்கிள் மிதிக்கிறதைப் பார்க்கப் போறாங்களாம்!"

புதன்கிழமை இரவு அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்ன இன்னொன்று என்னை உட்கார வைத்துவிட்டது. அப்பாவுக்கு விடுப்பே கிடையாதாம். போகாத நாளுக்குச் சம்பளம் பிடித்துவிடுவார்களாம். "கம்பெனியில லீவு கொடுத்துட்டாங்க" என்று அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். பல்கலைக்கழகப் பதிவுக் கட்டணத்துக்கு அவர் எங்கெங்கோ கேட்டுத் திரட்டியது எனக்குத் தெரியும். நேரே போய், "வேணாம்பா, டிவியிலேயே பார்த்துக்கலாம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மோட்டார்க் கூடையில் மழைக்கோட்டுகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். "எண்ணெய்கூட ஊத்திட்டேன்மா. காலையில அஞ்சரைக்கு எழுந்திரு" என்றார்.

கப்சாய் ஏறியது. இரண்டு இடத்தில் நான் இறங்கி நடந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் வந்தவர்களில் யார் யார் என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கொலம்பியாவின் இவான் சோசா வென்றார் என்பதும், போட்டி முழுவதையும் அவரே வென்றார் என்பதும் பிறகு தெரிந்தவை. அப்பா வாயே திறக்காமல் நின்றார். ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு வந்தார். ஒருவர் கண்ணை மூடித் திறந்தார். ஒருவர் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டு போனார்.

வெகு நேரம் கழித்து, எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்தபோது ஒரே ஒருவர் வளைவில் திரும்பினார். அவருக்குப் பின்னால் வண்டிகள் மட்டும் மெல்ல ஊர்ந்து வந்தன. அப்பா மழைக்கோட்டோடு சாலை விளிம்புக்குப் போய்க் கைதட்டினார். "வா தம்பி, வா! இன்னும் கொஞ்சந்தான்!"

கொஞ்சமில்லை, உச்சிக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருந்தது. அந்த வீரர் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தார்.