பிழை நாடுந் தொழிலும் கூடிக் கற்றலும்

— பழைய மாணவன் ஒருவன்

ஒரு பொருளை ஆக்குவோர்க்கு உலகம் அளிக்கும் புகழை, அதன் குறையை ஆராய்ந்து காட்டுவோர்க்கு அளிப்பதில்லை. கோயிலைக் கட்டுவித்த மன்னன் பெயரை ஊர் பேசும். தூக்குநூல் பிடித்துச் சுவரின் கோணலை எடுத்துக்காட்டியவனை எவரும் நினையார். இக்காலத்துக் கணிப்பொறித் தொழிலிலும் நிலை இதுவே. மென்பொருளை எழுதுவோரை ‘டெவலப்பர்’ என்றும், எழுதியதைச் சோதித்துப் பிழை காண்போரை ‘டெஸ்டர்’ என்றும் வழங்குவர். கல்லூரி விட்டுச் செல்லும் மாணவருட் பலர் இவ்விரண்டாம் பணியில் அமர்கின்றனர். அமர்ந்தபின், இஃது இரண்டாந்தர வேலையோ என்று மனங்குன்றுகின்றனர். அத்தொழிலிலேயே பல்லாண்டு கழித்தவனாதலின், அதனைக் கற்கும் நெறியையும் பிறரோடு கூடிச் செய்யும் முறையையும் பற்றி என் அநுபவத்திற் கண்ட சிலவற்றை இளைய நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் கூறத்தக்கது, இது கையாற் பழகி வருங் கலையேயன்றி ஏட்டால் மட்டும் வருவதன்று என்பதாம். நல்ல நூல்கள் இல்லாமலில்லை. கிளென்போர்டு மையர்ஸ் என்பார் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கத்தக்கதே. ஆயினும், நூலிற் கண்டதை நாம் வாழும் உலகத்தோடு பொருத்திப் பார்த்தாலன்றி அறிவு பயன்படாது. செஞ்சி வட்டாரத்திலுள்ள எங்கள் ஊரின் பெயரையே சான்றாகக் கொள்க. ‘மேல்சித்தாமூர்’ என்பதில் நம் கண்ணுக்குத் தோன்றும் எழுத்துக்கள் ஏழே. கணிப்பொறியோ, யூனிகோடு முறைப்படி, மெய்யையும் அதனோடு சேரும் உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிப் பதினான்கு என்று கொள்ளும். ஊர்ப்பெயர்க்குப் பத்திடம் போதுமென்று ஒருவர் வரையறுத்து விட்டால், எங்கள் ஊர் பாதியில் அறுந்துபோம். அவ்வாறே, நம்மவர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு. குடும்பப் பெயர் இல்லை. குடும்பப் பெயரை நிரப்பினாலன்றி மேற்செல்ல விடாத படிவங்கள் எத்தனை! இவற்றை அயல்நாட்டு நூலாசிரியர் நமக்குச் சொல்லித் தரார். கிராமத்துப் பிள்ளை தன் ஊரையும் பெயரையும் மறவாமல் எந்திரத்தின்முன் அமர்ந்தால், அதுவே அவன் கைப்பொருளாகும்.

இரண்டாவது, எழுதிவைக்கும் பழக்கம். ‘இது வேலை செய்யவில்லை’ என்று வாளா கூறுவதனாற் பிரயோசனமில்லை. யான் பணியிற் சேர்ந்த காலத்து எனக்கு மூத்தவரொருவர் மூன்று வினாக்களைக் கற்பித்தார்: நீ செய்தது யாது? நீ எதிர்பார்த்தது யாது? நிகழ்ந்தது யாது? இம்மூன்றும் தெளிவாக இருப்பின், முன்பின் அறியாதவனும் அப்பிழையைத் தன்முன் மீண்டும் தோற்றுவித்துக் காணலாம். அங்ஙனம் தோற்றுவிக்க இயலாத குறை, சாட்சியில்லாத வழக்கைப் போன்றது. ஆதலின், சிறிய குறிப்புப் புத்தகமொன்றை எப்பொழுதும் அருகில் வைத்திருத்தல் நன்று.

மூன்றாவது, கூடிக் கற்றல். 2009-ஆம் ஆண்டில் பெங்களூரில் இத்தொழில் செய்த இளைஞர் சிலர் ‘வீக்கெண்ட் டெஸ்டிங்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். விடுமுறை நாளில், அவரவர் இருந்த இடத்திலிருந்தே இணையத்தின் வழியாகக் கூடுவர். ஏதேனும் ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு யாவரும் சோதிப்பர். பின்னர், தாம் கண்டவற்றையும் காணத் தவறியவற்றையும் ஒருவரோடொருவர் உசாவுவர். கட்டணமில்லை, பட்டமில்லை. ஆயினும் அம்முயற்சி கடல் கடந்து பிற நாடுகளிலும் பரவிற்று. காரணம் யாதெனில், ஒரே பொருளை நோக்கும் பத்துப் பேரும் பத்துக் குறைகளைக் காண்பர் என்பதை அங்கே ஒவ்வொருவரும் நேரில் உணர்ந்தனர்.

இது நம்மவர்க்குப் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். உடனிருந்தோர் ஏட்டைப் படிக்க, வேறுபாடுகள் குறிக்கப்பட்டன. சமண சமயக் கருத்துக்களில் ஐயம் நேர்ந்தபோது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்களை அடைந்து வினவித் தெளிந்தார். பெரும்புலவரே தாம் அறியாததைப் பிறர் வாயிலிற் சென்று கேட்டனரெனின், நமக்கு அதில் நாணமென்ன?

நான்காவது, ஆக்குவோரும் ஆராய்வோரும் தம்முட் பகைமை கொள்ளாதிருத்தல். தமிழ்ச் சமணரின் திருமடம் விளங்கும் மேல்சித்தாமூரில் பார்சுவநாதர் கோயில் தேர்த்திருவிழாவைப் பார்த்தவர், வடம் பிடிப்போரையே பெரிதும் நோக்குவர். சக்கரத்தின் அருகில் கட்டை ஏந்தி நிற்போரைச் சிலரே காண்பர். தேர் தெருமுனையில் திரும்புவதும், வேண்டிய இடத்தில் நிற்பதும் அவர்கள் இடுங் கட்டையாலன்றோ? ‘முட்டுக்கட்டை போடுகிறான்’ என்பதை நாம் வசைச் சொல்லாக வழங்குகின்றோம். கட்டையிடுவாரில்லையேல் தேர் வீட்டுச் சுவரின்மேற் சென்று மோதும். ஆனால் ஒன்றை மறத்தலாகாது: கட்டையிடுவோன் தேர் நிலைக்கு வந்து சேரவேண்டுமென்றே இடுகின்றான். டெஸ்டரும் அங்ஙனமே இருத்தல் வேண்டும். ‘நீர் பிழை செய்தீர்’ என்னாது, ‘இவ்விடத்துப் பிழையொன்று உளது, இருவரும் காண்போம்’ என்னும் சொல், பல மாதத்துப் பிணக்கை ஒரு நொடியிற் போக்கக் கண்டிருக்கின்றேன்.

இவையனைத்தும் எதன் பொருட்டு? பிரிட்டன் தேசத்து அஞ்சல் நிலையங்களில் 1999-ஆம் ஆண்டு முதல் ‘ஹொரைசன்’ என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அதன் பிழைகளால் இல்லாத பற்றாக்குறைகள் கணக்கில் தோன்றின. கிளை நடத்திய எளியோர், ‘பிழை எந்திரத்தினுடையது’ என்று முறையிட்டும் கேட்பாரிலர். 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை புகுந்தனர். 2019-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அம்மென்பொருளிற் பிழைகள் இருந்தமையை நிலைநாட்டியது. 2024-இல் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கினர். இழந்த ஆண்டுகளை எச்சட்டம் மீட்டுத் தரும்?

சோதனையால் பிழை உண்டென்று காட்டலாமேயன்றி, இல்லையென்று நிறுவ இயலாது என்பது டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா உணர்த்திய உண்மை. ஆதலின், ‘எல்லாம் சரி’ என்று மேலோர் விரும்பும் சொல்லை எழுதாது, ‘இவற்றைச் சோதித்தேன், இவற்றைச் சோதிக்கவில்லை’ என்று உள்ளபடி எழுதுதலே நம் கடமை. சோதனையின் ஒரு பகுதியை இன்று எந்திரமே செய்கின்றது. எனினும், அவ்வாறு எழுதிக் கையெழுத்திடும் பொறுப்பு மனிதனுடையதே.

இளைய நண்பர்காள்! உங்கள் கையெழுத்தின் பின்னே, உங்களை என்றும் காணாத ஏழையொருவனின் கூலியும் மானமும் நிற்கின்றன. அதனை நினைந்து கையாற் பழகுங்கள், எழுதி வையுங்கள், கூடி உசாவுங்கள், உண்மை உரையுங்கள். அங்ஙனம் செய்வீராயின், இத்தொழில் எதற்கும் இரண்டாவதன்று.