பெயர் வெட்டும் தகடு

இலங்கையின் ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் கச்சான் காற்று. அந்த மணத்துக்குக் கொழும்பு ஏலத்தில் விலை கிடைக்க வேண்டுமானால், எந்தத் தோட்டம், எந்த ரகம், எத்தனையாவது இன்வொய்ஸ் என்பதெல்லாம் மூட்டையின் முகத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். தேயிலை பலகைப் பெட்டியில் போன காலத்தில் அந்த எழுத்துகளைப் பதித்தவை மெல்லிய தகட்டில் வெட்டிய ஸ்டென்சில்கள். பெட்டி மறைந்து தாள் மூட்டை வந்துவிட்டது. ஆனாலும் பதுளையிலும் ஹாலி-எல, பசறைப் பக்கத்துத் தகரப் பட்டறைகளிலும் தகடு வெட்டும் கைகளைப் பார்க்கும்போது, இதைத் தேர்ந்த தொழிலாகக் கணக்கில் எடுக்காமல் விட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

காரணம் வேலையிலேயே இருக்கிறது. ‘பிஓபி’ என்ற ரகப் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதும்போது அதன் மூன்று எழுத்துகளுக்கும் மூடிய வயிறு உண்டு; முதல் எழுத்துக்கு இரண்டு. கோட்டின் மேலேயே வெட்டினால் உள்வட்டம் கழன்று விழுந்து, ஓட்டைதான் மிஞ்சும். அதனால் எழுத்துக்குக் குறுக்கே சிறு பாலங்களை விட வேண்டும். பாலம் மெலிந்தால் நாலு முறை மை பூசுவதற்குள் வளைந்துவிடும். தடித்தால் எழுத்து உடைந்து வேறொன்றாய்ப் படிக்கப்படும். அதை எங்கே விடுவது என்பதை வெட்டத் தொடங்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். கத்தரி நுழையாத உள்வளைவைத் தகட்டை மரக்கட்டையில் வைத்து உளியால் தட்டி எடுக்கிறார்கள். கத்தரி ஓடும் இடத்திலும் அதன் நுனியை முழுக்க மூடுவதில்லை. மூடினால் அந்த இடத்தில் தகடு கிழிந்து பிசிறு நிற்கும். பீலியோ புனலோ செய்யும்போது மூட்டுக்கு மடிக்க வேண்டிய விளிம்பையும் சேர்த்தே கோடு கீறுகிறார்கள். இத்தனை கணக்கும் மனதுக்குள்ளேயே நடக்கிறது.

லேசர் இயந்திரம் இதைவிடச் சுத்தமாக வெட்டுமே என்று கேட்கலாம். வெட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் பாலத்தை எங்கே விடுவது என்று வரைபடம் போடுகிற ஆள் அங்கேயும் வேண்டும். இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது: சந்தையே போய்விட்டால் திறமையை அங்கீகரித்து என்ன பயன்? தமிழ்நாட்டுச் சாத்தூரைச் சொல்பவர்கள் உண்டு. எஃகுத் தகட்டிலிருந்து பேனா நிப்பை வெட்டி, துளையிட்டு, வளைத்து, நடுவே பிளந்து, தேய்த்து மெருகேற்றிய சிறு பட்டறைகளால் பெயர்பெற்ற ஊர் அது. பால்பாயிண்ட் பேனா பரவியதும் அந்தத் தொழில் சரிந்தது. கைத்திறன் குறைந்ததால் வந்த சரிவல்ல அது. அந்தத் திறன் ஒரே பொருளோடு கட்டுண்டு கிடந்தது. பதுளைத் தகரத் தொழிலாளியின் நிலை வேறு. தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைக்குப் பீலி, கடைக்குப் புனல், ஸ்டோருக்குத் தகட்டுத் துண்டு என்று ஒரே கை பல பொருள்களுக்கு ஓடுகிறது. பிளாஸ்டிக் அவற்றில் சிலவற்றை விழுங்கியிருக்கிறது, எல்லாவற்றையும் அல்ல.

தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் வேலை தேடிப் போகிறார்கள். பட்டறையில் கத்தரி பிடித்துப் பழகியவரும் கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் அங்கே கூலியாளாகத்தான் சேர்க்கப்படுகிறார். இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறையில், பள்ளியில் படிக்காமல் வேலையில் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இருக்கிறது. அந்த மதிப்பீடு பட்டறை வாசலுக்கே வர வேண்டும், தமிழிலேயே நடக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை தேவையில்லை. ஒரு தகடும் கத்தரியும் உளியும் கொடுத்து, தோட்டத்தின் பெயரை வெட்டச் சொல்லலாம். வெட்டிய எழுத்தோடு கீழே விழுந்த துண்டுகளையும் மதிப்பிடுபவர் எடுத்துப் பார்க்கட்டும்; எவ்வளவு தகடு வீணானது என்பதும் திறமையின் அளவுதான்.