மென்டிப் மலையடியில் ஓர் ஊர்க்கூட்டம்

‘கோவிற்பற்று’ என்னுஞ் சொல்லை நம்மவரிற் பலர் இன்று மறந்துவிட்டனர். போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், நாட்டைக் கோவிற்பற்றுக்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயத்தையும் அதனை அடுத்து ஒரு பாடசாலையையும் வைத்தனர். அந்தக் கோவிற்பற்று என்னும் அமைப்பு இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இன்றும் உயிரோடிருப்பதை நேரிற் காணும் வாய்ப்பு, கடந்த 2025 ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் எனக்குக் கிட்டியது.

என் தமக்கையாரின் மகன் சொமசெற் மாகாணத்தில் வைத்தியராகக் கடமை புரிகின்றான். மென்டிப் என்னும் சுண்ணாம்புக்கல் மலைத்தொடரின் அடியில், வெல்ஸ் நகருக்கு அணித்தாய் உள்ள ஒரு சிற்றூரில் அவன் குடியிருக்கின்றான். வெல்ஸ் பெரிய தேவாலயத்தையுடைய மிகச் சிறிய நகரம். அங்கிருந்து செடர் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கும் பசும்புற்றரைகளும், கற்சுவர் வேலிகளும், தாயைத் தொடரும் ஆட்டுக்குட்டிகளுமாகக் கண்ணுக்கு விருந்தாயிருந்தன. கல்லை அடுக்கிக் கட்டிய அவ்வேலிகளைக் கண்டபோது எனக்கு நம் நெடுந்தீவு நினைவு வந்தது.

அவ்வீதியில் வெஸ்ற்பரி-சப்-மென்டிப் என்றோர் ஊர் உண்டு. முன்னர் அவ்வூருக்கென இருந்த லொட்ஜ் ஹில் புகையிரத நிலையம், 1963 ஆம் ஆண்டில் அப்பாதையிற் பிரயாணிகள் சேவை நின்றதோடு மூடப்பட்டது. பின்னர் நடமாடும் நூல்நிலைய வண்டியும் வருவதை நிறுத்திற்று. தெருவோரத்துச் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் பயனற்றதாகி அகற்றப்படும் நிலையை அடைந்தது. வேறோர் ஊராயின் மனுவொன்று எழுதிப் பெருமூச்சு விட்டு அமைந்திருக்கும். அவ்வூரின் கோவிற்பற்றுச் சபையோ 2009 ஆம் ஆண்டில் அக்கூண்டை ஒரு பவுணுக்கு வாங்கிற்று. உள்ளே தட்டுக்கள் அமைத்து, ஊரவர் தத்தம் நூல்களைக் கொணர்ந்து அடுக்கினர். படித்த நூலை வைத்துவிட்டுப் படியாததை எடுத்துச் செல்லலாம். பூட்டில்லை; காவலாளி இல்லை. கட்டணமும் இல்லை. ஒருவர் மாத்திரம் நிற்கக்கூடிய அந்த நூல்நிலையத்துள் நின்று நானும் சில ஏடுகளைப் புரட்டினேன்.

அவ்வேளையில் மருமகன் கேட்டான்: “மாமா, ஊரில எங்கட வாசிகசாலை இப்ப எப்பிடி இருக்கு?”

அவன் எழுத்துக் கூட்டிப் பத்திரிகை வாசிக்கப் பழகிய வாசிகசாலை அது. எங்கள் சனசமூக நிலையத்தின் முன்விறாந்தையில் இருந்தது. அது பூட்டிக்கிடந்து ஆண்டுகள் பலவாயின. நூல்களைக் கறையான் அரித்துவிட்டது. அதன் வாயிலாலேயே நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று வரும் நான், “இருக்குது தம்பி” என்று மாத்திரம் சொன்னேன். அவனும் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாட்களின் பின், “மாமா, இண்டைக்குப் பின்னேரம் ஊர்க்கூட்டம். வாறியளோ?” என்று அழைத்தான். ஆண்டுக்கொருமுறை, பங்குனி முதலாந் திகதிக்கும் ஆனி முதலாந் திகதிக்கும் இடையில், வாக்காளர் அனைவரும் கூடுவதற்குரிய கூட்டம் அது. மாலை ஆறு மணிக்கு முன்னர் அதனைத் தொடங்கலாகாது என்பது சட்டம். உழைத்துண்போரும் வந்து கலந்துகொள்ளல் வேண்டும் என்பதே அதன் கருத்து. வேறு தகுந்த மண்டபம் கிடைக்குமாயின் மதுச்சாலையிற் கூட்டலாகாது என்பதும் சட்டம். இதனைக் கேட்டு நான் நகைத்தேன். ஆயினும் சட்டம் வகுத்தோர் ஊர்மனிதரை நன்கறிந்தோர் என்பதில் ஐயமில்லை.

இச்சபைகள் தோன்றிய வரலாறும் சுவையானது. பெருநிலக்காரரும் குருவானவருமே ஊர்க்காரியங்களில் மேலோங்கி நின்ற காலத்தில், 1894 ஆம் ஆண்டுச் சட்டம், முந்நூறு பேருக்கு மேற்பட்ட ஒவ்வொரு நாட்டுப்புறக் கோவிற்பற்றுக்கும் தெரிவுசெய்யப்பட்ட சபையொன்றை வழங்கிற்று. பெண்கள் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க உரிமை பெறுதற்கு முன்னரே, இச்சபைகளில் அங்கத்தவராகும் உரிமையை அச்சட்டம் அவர்க்கு அளித்தது. முதுபெரும் பிரதமர் கிளாட்ஸ்டன் தமது எண்பத்துநான்காம் வயதிற் பொதுமக்கள் சபையில் ஆற்றிய இறுதி உரையும் இம்மசோதாவைப் பற்றியதே. இன்று இங்கிலாந்தில் இத்தகைய ஊர்ச்சபைகளும் சிறுநகர்ச் சபைகளும் ஏறத்தாழ 10,000 உள்ளன. நடைபாதை, விளையாட்டிடம், மயானம், தெருவிளக்கு, பஸ் தரிப்பிடம், தோட்டத்துண்டு ஆகியன இவற்றின் கவனத்துக்குரியவை. நமது சோலைவரி போன்றதொரு வரியுடன் சேர்த்து, ஊர்ச்சபை கேட்கும் பங்கையும் மேற்சபை அறவிட்டுக் கொடுக்கும். ஆதலால் ஊர்ச்சபை எவ்வளவு செலவிடுகின்றது என்பதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வரிச்சீட்டிலேயே காணலாம்.

மண்டபத்தில் முப்பது பேரளவில் இருந்தனர். மூலையில் தேநீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கிராசனர் ஓய்வுபெற்ற கமக்காரர். சபையிற் சம்பளம் பெறுபவர் செயலாளரான பெண்மணி ஒருவரே. கணக்கு வாசிக்கப்பட்டது. புல்வெட்டுக் கூலியும் ஒரு வாங்கு திருத்திய செலவும் பென்ஸ் கணக்கு வரையிற் சொல்லப்பட்டன.

அதன் பின்னர் எழுந்தது உண்மையான பிரச்சினை. சொமசெற் மேற்சபை 2023 ஆம் ஆண்டு நவம்பரில் நிதி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்திருந்தது. அதன்பின் தான் பார்த்துவந்த வேலைகள் சிலவற்றைச் சிறுசபைகளே ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்ற பேச்சு மாகாணம் எங்கும் எழுந்தது. சிறுவர் விளையாட்டிடத்தின் பராமரிப்பை இவ்வூர் ஏற்பதா? ஏற்பின், அடுத்த ஆண்டு வரி ஏறும்.

முதியவர் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். “இரண்டு இடத்துக்கும் நான் வரி கட்டுகிறேன். செய்ய வேண்டியவன் செய்யாமல் விட்டதற்கு என் ஓய்வூதியத்தில் ஏன் கைவைக்கிறீர்கள்?” என்றார். அவர் கூற்றில் நியாயமிருந்தது. கைக்குழந்தையோடு வந்திருந்த இளந்தாய் ஒருத்தி எழுந்து, “அவர்கள் செய்ய மாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போனபின் நியாயம் பேசி என்ன பயன்?” என்றாள். அதிலும் நியாயமிருந்தது. குரல்கள் உயர்ந்தன. அக்கிராசனர் மேசையில் ஒருமுறை தட்டினார்.

ஈற்றில் வாக்கெடுப்பு நடந்தது. அது சபையைக் கட்டுப்படுத்தாது. ஊரின் மனத்தை அறிவிக்கும் அளவே. எங்கள் ஊரிற் புழுதி படியப் பந்தடித்துத் திரிந்த என் மருமகனும் அக்கூட்டத்திடையே கையுயர்த்தி நின்றான். ஏற்பது என்ற பக்கமே சிறிதளவில் வென்றது. கூட்டம் முடிந்ததும் அந்த முதியவரும் அந்த இளந்தாயின் கணவரும் ஒருங்கே கதிரைகளை அடுக்கிவைத்தனர். முதியவரின் முகத்திற் கோபம் ஆறவில்லை. ஆயினும் கதிரையை அடுக்காது அவர் போகவில்லை.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நமக்கும் ஊர்ச்சபை மரபு இல்லாமலில்லை. 1871 ஆம் ஆண்டிலேயே கிராமச் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் இலங்கையில் நிறைவேறிற்று. என் பாட்டனார் ‘வி. சி. றோட்டு’ என்று பெருமையோடு சொல்லுவார். 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன. 2023 ஆம் ஆண்டு பங்குனியில் அவற்றின் பதவிக்காலம் முடிந்தபின், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிவுசெய்யப்பட்ட அங்கத்தவரின்றியே அவை இயங்கின. அக்குறையைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் பேசாத நாளில்லை. ஆனால் அங்கத்தவர் இருந்த காலத்தில் ஒரு தடவையாயினும் சபைக் கூட்டத்திற்குச் சென்று பின்வாங்கில் அமர்ந்தேனா? இல்லை. குடியியற் பாடத்தில் உள்ளூராட்சியைப் பற்றி மாணவர்க்குக் குறிப்புக் கொடுத்தவன் நான். அக்குறிப்பை நானே படிக்கவில்லை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

ஊர் திரும்பியபோது மதில்களெங்கும் தேர்தற் சுவரொட்டிகள். 2025 மே 6 ஆந் திகதி வாக்களித்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சனசமூக நிலையத்தின் திறப்பைத் தேடிப் பெற்று, பழைய மாணவர் ஐவருடன் உள்ளே சென்றேன். அரித்த நூல்களை எரித்தோம். எஞ்சியவை இரண்டு அலுமாரித் தட்டுக்களை மாத்திரம் நிரப்பின. முன்விறாந்தையைக் கழுவி, மேசையொன்றைப் போட்டு, பத்திரிகைகள் மூன்றை எடுப்பித்தோம். புதிய சபையின் கூட்டமொன்றுக்குஞ் சென்று பார்வையாளராக அமர்ந்தேன். ஒழுங்கையின் விளக்கு இன்னும் எரியவில்லை. குளத்தின் வாய்க்கால் இன்னும் தூர்ந்தபடியே கிடக்கின்றது. ஆயினும் செவ்வாயும் வெள்ளியும் பின்னேரங்களில் வாசிகசாலை திறக்கின்றது. சிறுவர் நால்வர் ஐவர் வருகின்றனர்.

மருமகன் தொலைபேசியில் அதே கேள்வியை மறுபடியுங் கேட்டான். இம்முறை எனக்குச் சொல்லுதற்கு மறுமொழியொன்று இருந்தது.