மாமாவின் கான்டெஸ்ஸாவும் அதன் பின்னச்சும்

அமெரிக்காவிலே ‘மசில் கார்’ என்றொரு குலம் உண்டு. நடுத்தர உருவமுள்ள காருக்குள் பெரிய வி-8 எஞ்சினைத் திணித்துவிட்டால் அது மசில் கார். 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வை அந்தக் குலத்தின் மூத்த பிள்ளை என்று பலரும் சொல்லுவார்கள். நம் நாட்டில் அந்தப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடும் வண்டி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை செய்த கான்டெஸ்ஸாதான். இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடல், நீண்ட மூக்கு, பின்சக்கர ஓட்டம். முதலில் வந்தவற்றில் அம்பாஸடரின் 1.5 லிட்டர் எஞ்சினே இருந்தது என்பதை நினைத்தால், புலித்தோல் போர்த்திய பசு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. பின்னால் இசுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகே பசுவுக்குக் கொஞ்சம் சீறத் தெரிந்தது.

தார்நாகாவில் வசிக்கும் என் மாமாவிடம் இருப்பது இந்த இரண்டாம் வகை. அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிக்கும் ஓய்வு கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர்களோடு பேசமாட்டார். மாமிக்கு முழங்கால் வலி. பஸ் ஏறவோ ஆட்டோவில் குலுங்கவோ முடியாது. மாதம் இருமுறை ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டிதான். ஆனால் ஆடி மாதத்து மழை பிடித்துக்கொண்டால் சங்கடம். வீட்டுச் சந்தின் ஏற்றத்தில் வலப்பக்கம் சிமென்ட். இடப்பக்கம், குழாய்க்காகத் தோண்டி மூடிய செம்மண். இடப் பின்சக்கரம் அந்தச் சேற்றில் சுழன்றுகொண்டே இருக்கும். சிமென்ட்டின் மேல் நிற்கும் வலச்சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். மாமியை இறக்கி, நனைய நிறுத்தி, அக்கம்பக்கத்தாரை அழைத்துத் தள்ளவேண்டும்.

“என்னடா மாப்பிள்ளை, எஞ்சினீரிங் படிக்கிறாய், இதுக்கு ஒரு வழி சொல்லேன். பன்னிரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கேன். அதுக்கு மேலே காலணா கிடையாது” என்றார் மாமா.

வலுவான சக்கரம் ஏன் சும்மா நிற்கிறது? வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். இரு சக்கரங்களுக்கும் நடுவே 1.4 மீட்டர் என்று கொண்டால், ஒரு தெருமுனையில் திரும்புவதற்குள் வெளிச்சக்கரம் 2.2 மீட்டர் கூடுதலாக ஓடுகிறது. இதற்காகத்தான் பின்னச்சின் நடுவே புடைத்திருக்கும் உருண்டைக்குள் டிஃபரன்ஷியலை வைத்தார்கள். அது இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் ஓடவிடும்; ஆனால் முறுக்குவிசையை எப்போதும் சரிபாதியாகவே பங்கிடும். சேற்றில் நிற்கும் சக்கரம் எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ, அவ்வளவுதான் நல்ல சக்கரத்துக்கும் கிடைக்கும். பந்தியில் ஒருவன் ஒரு கவளத்தோடு எழுந்தால் பக்கத்து இலைக்காரனும் எழவேண்டும் என்பதுபோல.

ஆகவே இரு சக்கரங்களையும் பூட்டிவிட்டால் போதுமே என்று தோன்றுவது இயல்பு. தஞ்சைப் பக்கத்து வயல்களில் இதை நாம் பார்த்திருக்கிறோம். டிராக்டர் சேற்றில் மாட்டினால் ஓட்டுபவர் பூட்டும் மிதியை அழுத்துவார், திரும்புமுன் விட்டுவிடுவார். அந்த ‘விட்டுவிடுவார்’ என்பதில்தான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது.

மாமாவின் மெக்கானிக் சொன்ன வழி மிகவும் மலிவு. உள்ளே இருக்கும் ஸ்டார் பினியனையும் சன் கியரையும் ஒன்றாக வெல்டிங் செய்துவிடுவது. “வெல்டிங் மார்தேங்கே சாப், காம் கதம்” என்றார். கூலி மூவாயிரம். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பில் இப்படிச் செய்து பல வருஷம் ஓடுகிறதாம். அமெரிக்காவிலும் இது பழைய வித்தைதான். வெல்டிங் கருவி செய்யும் கம்பெனியின் பெயரை வைத்து ‘லிங்கன் லாக்கர்’ என்று கேலியாகச் சொல்கிறார்கள்.

நான் மறுத்தேன். ஜீப் காட்டில் ஓடுகிறது; சேறும் மணலும் சக்கரத்தை வழுக்கவிடும். நம் வண்டி ஓடுவது தார்ச்சாலையில். ஹப்சிகூடாவில் திரும்பினாலும் லாலாகூடாவில் திரும்பினாலும் அந்த 2.2 மீட்டரை ஏதாவது ஒரு டயர் தேய்ந்துதான் ஈடுகட்டவேண்டும். இல்லாவிட்டால் அச்சுத்தண்டு முறுக்கிக்கொள்ளவேண்டும். அதைவிட மோசம் மழைநாள். பூட்டிய பின்சக்கரங்கள் ஈரத்தில் இரண்டும் சேர்ந்து பிடியை விட்டால், வண்டியின் வால் பக்கவாட்டில் போகும். சுழலாமல் சும்மா இருந்த அந்த ஒரு சக்கரம்தான் இதுவரை வாலை நேராகப் பிடித்து வைத்திருந்தது. பின்சீட்டில் உட்காருபவர் மாமி.

“நான் என்ன ரேஸா ஓட்டுறேன்?” என்றார் மாமா. இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

வேறு வழிகளைத் தேடினேன். 1957இல் செவ்ரலே ‘பாஸிட்ராக்‌ஷன்’ என்று விற்றது, கிளட்சுத் தகடுகளால் ஓரளவு பூட்டும் வகை. நல்ல சாது, ஆனால் தகடு தேயும், தனி எண்ணெய் கேட்கும். பற்சக்கரங்களின் உராய்வாலேயே இயங்கும் டார்சன் வகைக்குத் தேய்மானம் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதனால் பெரிய உதவி கிடையாது. பழைய கூட்டுக்குள்ளேயே ஸ்டார் பினியனுக்குப் பதிலாகப் பொருத்தும் லாக்கர் ஒன்று உண்டு. ‘லஞ்ச் பாக்ஸ்’ என்று செல்லப்பெயர். மசில் கார் வைத்திருக்கும் ஏழை அமெரிக்கனுக்கு அது வரப்பிரசாதம். காற்றழுத்தத்தால் பூட்டும் ஆஸ்திரேலிய வகையின் விலையைக் கேட்டுவிட்டு மாமாவிடம் சொல்லவில்லை.

என் மனத்துக்குப் பிடித்தது ஈட்டன் கம்பெனியின் இயந்திரப் பூட்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் தன் டிரக்குகளில் வைத்தது. நம் நாட்டில் 2020இல் வந்த மஹிந்திரா தாரிலும் இடம்பெற்றது. இரு சக்கரங்களின் வேகத்திலும் நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்ததும் தானே பூட்டிக்கொள்ளும். வேகம் ஏறினால் பூட்டாது. ஓட்டுபவர் ஒன்றும் செய்யவேண்டாம். அறுபத்தெட்டு வயது மாமாவுக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் ராணிகஞ்சில் கடை கடையாக அலைந்தும், சென்னைப் புதுப்பேட்டையில் நண்பனை விட்டு விசாரித்தும், கான்டெஸ்ஸாவின் அச்சில் உட்காரும் அளவில் எந்தப் பூட்டும் அகப்படவில்லை. பின்னச்சையே மாற்றலாம் என்றால் அகலம், பல் விகிதம், ஸ்பிரிங் பொருந்துமிடம் எல்லாம் தகராறு.

கைப்பிரேக்கைப் பாதி இழுத்துக்கொண்டு ஏற்றினால் ஏறும் என்று பல டிரைவர்கள் சத்தியம் செய்கிறார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பிரேக் சுழலும் சக்கரத்தைப் பிடிப்பதால் மறு சக்கரத்துக்கு அதே அளவு கூடுதல் விசை வருவது உண்மை. ஆனால் கைப்பிரேக் அந்தச் சக்கரத்தையும் அதே அளவு பிடிக்கிறதே! வந்த லாபம் வாசலோடு போய்விடுகிறது. இன்றைய கார்களில் கம்ப்யூட்டர் சுழலும் சக்கரத்தை மட்டும் பிடிக்கிறது; அதனால்தான் பலிக்கிறது.

கணக்குப் போட்டதில் ஒன்று கிடைத்தது. விசை சரிபாதியென்றால், வழுக்கும் சக்கரத்தின் பிடி ஒரு பங்கு கூடினால் மொத்த இழுவை இரு பங்கு கூடவேண்டும். பின்டயர்களைப் பார்த்தோம், பள்ளமெல்லாம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. இரண்டையும் மாற்றினோம். ஐம்பது கிலோ மணலை மூட்டையாகக் கட்டி, டிக்கியின் நடுவில் வைக்காமல் இடச்சக்கரத்தின் மேலாக வைத்தோம். மாமா நடுவில் வைக்கவேண்டும் என்றுதான் வாதாடினார்.

அடுத்த மழைக்கு வண்டி ஏறியது. ஒருமுறை தயங்கி, சேற்றை வாரியிறைத்து, மாமியை இறக்காமலே ஏறியது. பெருமழையில் என்ன ஆகும் என்று இன்னும் பார்க்கவில்லை. ஈட்டன் பூட்டை யாராவது நம் அச்சுக்குக் கடைந்து பொருத்தினால் வாங்கத் தயார். புதுப்பேட்டை நண்பன் தேடிக்கொண்டிருக்கிறான். மாமாவோ வெல்டிங் செய்திருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். மிஞ்சிய எழுநூறு ரூபாயில் பினியன் ஆயில் சீலை மாற்றினோம். அது இரண்டு மாதமாக வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது.