சொன்னது யார்?



இந்த இதழுக்கு இங்கிலீஷ் கிராமர் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். "சுவர்ல ஒட்டுனா எவன்டா நின்னு படிப்பான்?" என்றார்கள். தயவுசெய்து கடைசி வரை நின்று படியுங்கள். இதில் பாதிதான் கிராமர். மீதி நான் செய்த தப்பு.

போன மாதம் எங்கள் வகுப்பில் ஆசிரியர் தின விழாவுக்குப் பணம் சேர்த்தோம். 36 பேர், ஆளுக்கு 50 ரூபாய், மொத்தம் 1,800 ரூபாய். லீடர் அதை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை பி.டி. பீரியட் முடிந்து வந்து பார்த்தால் கவரைக் காணோம். பையைக் கொட்டிப் பார்த்தோம், பெஞ்சுக்கு அடியில் தேடினோம், குப்பைத் தொட்டியைக்கூட விடவில்லை. கிடைக்கவே இல்லை.

அந்த பீரியடில் நான் தண்ணீர் பாட்டில் எடுக்க வகுப்புக்கு வந்திருந்தேன். அப்போது கடைசி பெஞ்சு நண்பன் ஒருவன் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தான். இதை என் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன்.

"அப்போ அவனா இருக்குமோ?" என்று கேட்டான்.

"இருக்கலாம்" என்றேன்.

நான் சொன்னது அந்த ஒரே ஒரு வார்த்தைதான்! மதிய சாப்பாட்டு நேரத்தில் அது "அவன் எடுத்தானாம்" என்று ஆகியிருந்தது. சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் "அவன்தான் எடுத்தான்" என்று பேசிக்கொண்டார்கள். புதன்கிழமை அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வியாழக்கிழமை அவன் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

அந்த வியாழக்கிழமை மூன்றாவது பீரியட் இங்கிலீஷ். சார் ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸில் ஒரு புதுப் பாடம் எடுத்தார். போர்டில் மூன்று வாக்கியம் எழுதினார்.

1. பீப்பிள் சே தட் ஹி ஈஸ் ரிச்.
2. இட் ஈஸ் செட் தட் ஹி ஈஸ் ரிச்.
3. ஹி ஈஸ் செட் டு பி ரிச்.

மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: "அவன் பணக்காரன் என்று சொல்கிறார்கள்." முதல் வாக்கியத்தில் 'பீப்பிள்' என்று சொல்கிற ஆள் இருக்கிறார். இரண்டாவதில் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். மூன்றாவதில் யாரைப் பற்றிப் பேச்சோ, அவன் முன்னால் வந்து நிற்கிறான். சொன்னவர் இருந்த இடமே தெரியவில்லை! 'செட்' என்ற இடத்தில் பிலீவ்ட், தாட், நோன், ரிப்போர்ட்டட், அலெஜ்ட் என்று எதை வேண்டுமானாலும் போடலாம். அதற்குப் பிறகு 'டு' சேர்த்து வினைச்சொல் வரவேண்டும்.

பரீட்சைக்கு ஒரு குறிப்பும் தந்தார். இப்போது நடப்பதோ, எப்போதும் இருப்பதோ என்றால் 'டு பி'. முன்பே நடந்து முடிந்தது என்றால் 'டு ஹேவ்' போட்டு, வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தைச் சேர்க்க வேண்டும். "கரிகாலன் ஈஸ் பிலீவ்ட் டு ஹேவ் பில்ட் த கல்லணை." அதாவது, நம்புவது இன்றைக்கு, கட்டியது என்றைக்கோ. இதில்தான் நம்மவர்கள் மார்க்கை விடுவோம் என்றார். தினத்தந்தி படிக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. "என்று கூறப்படுகிறது", "என நம்பப்படுகிறது" என்று செய்தியில் வருவது இதேதான்.

சார் இன்னொன்றும் சொன்னார். 'சே' என்ற வினையை இந்த 'டு'வோடு ஆக்டிவ் வாய்ஸில் சேர்க்கவே முடியாதாம். "பீப்பிள் சே ஹிம் டு பி ரிச்" என்று எழுதினால் தப்பு. பாஸிவில் மட்டும்தான் இந்த 'டு' வரும். அதைவிட வேடிக்கை 'ரூமர்' என்ற சொல். வினைச்சொல்லாக அது இன்றைய இங்கிலீஷில் பாஸிவில் மட்டும்தான் வருகிறது. "ஹி ஈஸ் ரூமர்ட் டு பி ரிச்" என்று சொல்லலாம். "ஐ ரூமர்" என்று யாரும் சொல்வதில்லை. வதந்தி பரவுமே தவிர, "நான் பரப்பினேன்" என்று சொல்ல ஆள் இருக்காது என்றார் சார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு சார், "இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்தா உடனே 'பை ஹூம்?'னு கேக்கணும்" என்றார். நியூட்டன் ஆப்பிள் விழுவதைப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. யாரால்? அதற்குப் பதில் இருக்கிறது. 1726-இல் நியூட்டனே தன் நண்பர் ஸ்டூக்லியிடம் சொன்னார். ஸ்டூக்லி அதை 1752-இல் எழுதி வைத்தார். (ஆப்பிள் தலையில் விழுந்தது என்று அதில் இல்லை. அது நாம் சேர்த்துக்கொண்டது!) சந்திரனில் இருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று சொல்லப்படுகிறது. யாரால்? பார்த்தவர் ஒருவரும் இல்லை. சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003-இல் பூமியைச் சுற்றிவிட்டு வந்து, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சுற்றியதே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான். சந்திரனோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

"சரி, நீங்க ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க" என்றார் சார்.

பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. "ஹி ஈஸ் செட் டு ஹேவ் ஸ்டோலன் த மனி, சார்."

கிராமர் சரியாகத்தான் இருந்தது. வகுப்பே சிரித்தது. காலியாக இருந்த கடைசி பெஞ்சைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை.

"பை ஹூம்?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை.

"எல்லாரும் நோட்டை எடுங்க. இதை ஆக்டிவ் வாய்ஸ்ல மாத்தி எழுதுங்க. 'பீப்பிள்', 'சம்படி' எல்லாம் போடக் கூடாது. சரியான சப்ஜெக்ட் போட்டாத்தான் மார்க்."

பக்கத்தில் எல்லாரும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதில் தெரியும். நோட்டில் 'ஐ' என்று எழுதினேன். உடனே கையால் மறைத்துக்கொண்டேன். எழுந்து நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பெல் அடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு திருத்தி வந்தது. லீடருடைய ரெக்கார்டு நோட்டுக்குள் அந்தக் கவர் இருந்தது! பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்தவன், அதை மறந்து அப்படியே நோட்டை சப்மிட் பண்ணியிருக்கிறான். எண்ணிப் பார்த்தோம். 1,800 ரூபாய் சரியாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பணம் கிடைத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வாசலில் அவனுடைய அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். "வாப்பா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

"டேய், நான்தான்டா முதல்ல சொன்னேன். மன்னிச்சிடுடா" என்றேன்.

"தெரியும்டா. அன்னைக்கே சொன்னாங்க" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "கேன்வாஸ் ஷூ கிழிஞ்சிருச்சு. ஷூ இல்லாம வந்தா பி.டி. சார் திட்டுவார்னு உள்ள உட்கார்ந்திருந்தேன். நீ அன்னைக்கு வந்தப்பவே ஏன்டா இங்க இருக்கேன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றான். பிறகு மெதுவாக, "கடைத்தெருவுல யாரோ அம்மாகிட்டயும் சொல்லிட்டாங்க. நீ எடுத்தியாடான்னு அம்மாவே கேட்டுச்சு. அதான்டா எனக்குத் தாங்கல" என்றான்.

எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நம் தமிழிலும் 'ஆம்' என்று ஓர் ஒட்டு இருக்கிறது. பாட்டி கதை சொல்லும்போது "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்" என்பார். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்று அதற்கு அர்த்தம். நேர்மையான ஒட்டு அது. ஆனால் நாம் வாய்மாற்றிச் சொல்லும்போது முதலில் விழுவது அந்த 'ஆம்'தான். 'எடுத்தானாம்' மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் 'எடுத்தான்' ஆகிவிட்டது. ஒரு மாணவன் மேல் திருட்டுப் பழி விழ அவ்வளவுதான் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை அவன் வந்துவிட்டான். பழையபடி எல்லாரும் அவன் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஆனால் வேறு வகுப்புகளில் இன்னும் சிலர் அவனைக் காட்டிப் பேசுவதைக் கேட்டேன். பழி பள்ளிக்கூடம் முழுக்கப் போனது, பணம் கிடைத்த விஷயம் எங்கள் வகுப்பைத் தாண்டவில்லை. அதனால்தான் எல்லாரும் நிற்கிற இந்தச் சுவரில் எழுதுகிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுதுடா, ஆனா என் பேரைப் போடாதே" என்றான்.

அன்றைக்கு நோட்டில் கையால் மறைத்த விடையை இங்கே முழுசாக எழுதுகிறேன். சார் மார்க் போட வேண்டாம்.

அவன் பணத்தை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம் என்று சொன்னவன் நான்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்